அத்தியாயம் 14: நண்டு, ஜன்னல், பஞ்சு

சிநேகிதர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிய அப்பா, எங்கோ ஓர் ஊரில், இதய ஆஸ்பத்திரியின் கூடத்தில் மயங்கி விழுந்தது எப்படி? நேற்று ராத்திரி முழுக்க மூத்த மகள் பெரியவளைப் போட்டு வாட்டிய கேள்வி அது. பதில் இன்னும் கிடைத்தபாடில்லை. சொல்ல வேண்டியவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் படுத்திருக்கிறார்.

தகவல் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸைப் பிடித்து வந்தவள் அவள். வந்த வேகத்தில், முகம் கழுவப் போன இடத்தில், போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரை விட்டது. போகட்டும், அதற்கெல்லாம் அழ நேரமில்லை.

"கையெழுத்து நீங்க போடறீங்களா? மகன் யாரும் இல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இருக்கான். வேலையா இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தம்பியோடு பேசி இரண்டு மாதமாகிறது என்பதை நர்ஸிடமா சொல்ல முடியும்?

அப்பா ஒற்றை லாரியோடு ஆரம்பித்த தொழில் அவர்களுடையது. மூச்சுத் திணறும் நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய் மாட்டிவிட்டு வர வேண்டும். இப்போது ஆறு லாரி. லாரிகளும் டிரைவர்களும் தம்பி சின்னவன் பொறுப்பு. எந்த வீட்டில் எவ்வளவு காற்று மிச்சம், எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று காட்டும் 'பலகை' பெரியவள் பொறுப்பு. பலகை என்றால் மரப்பலகை அல்ல. வெகுதூரத்தில் ஏதோ கட்டடத்தில் இருக்கும் வாடகை சர்வரில் அது ஓடுகிறது, லாரி ஷெட்டில் பெரிய திரையில் தெரிகிறது. காற்றுக் குறைந்த வீடு சிவப்பு. சிலிண்டர் போய்ச் சேர்ந்துவிட்டால் பச்சை.

அந்தப் பலகையால்தான் வினையே வந்தது. நோயாளிகளின் விலாசமெல்லாம் வெளியே கசிந்து, யாரோ அயோக்கியன் வீடு வீடாகப் போன் செய்து காலி சிலிண்டரை நிறைந்தது என்று விற்றுவிட்டான். ஒரு வீட்டில் உயிரே போகப் பார்த்தது. பெரியவள் தோண்டித் துருவிப் பார்த்தாள். வெளியூரில் ஒரு பொதுக் கம்ப்யூட்டரிலிருந்து சின்னவனின் பெயரில் யாரோ உள்ளே வந்திருந்தார்கள்.

"அங்கே உன் பாஸ்வேர்டை அடிச்சியா?" என்று கேட்டாள்.

"அடிச்சேன்" என்றான் அவன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கே அவன் பெயரைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டாள். விலாசங்கள் ஷெட் திரையில் வருவதையும் நிறுத்தி, நேராக டிரைவர்களின் போனுக்குப் போகும்படி மாற்றினாள். கூடப் பிறந்தவனையே வாசலுக்கு வெளியே நிறுத்திய கதை இதுதான். பேச்சு அன்றோடு நின்றது.

தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எதிரே இருந்த இரும்பு நாற்காலியில் அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. ஆயிரம் கோபம் இருக்கட்டும், அவனுக்கும் அவர்தானே அப்பா? எழுந்து கீழே கூடத்துக்கு வந்தாள்.

வரவேற்பு மேசையில் நடுவயதுப் பெண்மணி ஒருத்தி, கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒயரில்லாத போனை எடுத்து நீட்டினாள்.

"பேசும்மா. வெளியூர்னாலும் பரவாயில்லை, பேசு."

ஷெட் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு சின்னவனின் குரல் வந்தது.

"சொல்லுங்க, யாரு?"

"நான்தான்."

"அக்காவா? எங்கே தொலைஞ்சே நீ? போன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சு போச்சு!"

"அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்குதுடா. நெஞ்சுல."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மெல்லக் கேட்டான். "இதய ஆஸ்பத்திரியா? ரெண்டாவது மாடியா?"

"ஆமா." உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் அவன், "எப்படி இருக்காரு?" என்றான்.

"உள்ளே இருக்காரு. இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லலை."

"இப்பவே கிளம்பி வந்துடறேன். ஐயோ, எப்படி வருவேன்? அக்கா, பலகை படுத்துடுச்சு."

"எப்போதிலிருந்து?"

"காலையிலேருந்து. திரை பூரா வெறும் கறுப்பு. காலையில போன விலாசத்தை வெச்சு லாரிங்க ஓடிட்டிருக்கு. அதுக்கப்புறம் எவன் போனுக்கும் ஒண்ணும் வரலை. பழைய வீடெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம், சமாளிச்சுக்கறேன். புதுசா சேர்ந்தவங்க வீடு எனக்கு எப்படித் தெரியும்? என்னைத்தான் நீ..." அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. "மாடிவீட்டு டீச்சர்னு ஒருத்தங்க. அவங்க பொண்ணு அழுதுக்கிட்டே கூப்பிட்டா. மதியத்துக்குள்ள காத்து தீர்ந்துடுமாம். விலாசத்தைச் சொல்றதுக்குள்ள லைன் போயிடுச்சு. திரும்பப் போட்டா கிடைக்கலை."

பெரியவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மதியத்துக்கு அதிக நேரமில்லை. கூடவே ஓர் உண்மை அவளை அறைந்தது. சின்னவனின் பெயரை அவள் தூக்காமல் இருந்திருந்தால், காலையிலேயே அவன் பலகையை எழுப்பியிருப்பான். அந்த டீச்சரின் மூச்சுக்கும் லாரிக்கும் நடுவில் பூட்டைப் போட்டு வைத்திருப்பவள் அவள்தான்.

"என் போன் செத்துப் போச்சுடா. லேப்டாப் வீட்டுல. இங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பார்க்க வர்றவங்க எல்லாரும் தட்டறது."

"அதுல நீ கை வைக்க மாட்டியே."

குத்திக்காட்டுகிறானா, நிஜமாகவே சொல்கிறானா, தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கூடத்தின் மூலையில், தூசி படிந்த செடிக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். பெரியவள் போனும் கையுமாக முதலில் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கீபோர்டின் ஒயர் நேராகப் பெட்டிக்குப் போகிறதா, நடுவில் ஏதாவது சின்னக் குமிழ் செருகியிருக்கிறதா? ஒன்றுமில்லை. வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் திருடனை இப்படிக் கண்டுபிடிக்கலாம். உள்ளே குடியிருப்பவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அணைத்துப் போட்டாலும் அவன் போகமாட்டான். நாம் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் யாருக்கோ ஒப்பித்துக்கொண்டே இருப்பான்.

அதனால்தான் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். நம்ப முடியாத கம்ப்யூட்டரில், ஒப்பித்தாலும் பயன்படாததை மட்டும் அடி. அதற்காக சர்வரில் ஒரு சின்ன வாசல் கட்டியிருந்தாள். ஒருமுறை அடித்ததும் செத்துப்போகும் சாவியால்தான் அது திறக்கும். உள்ளே போனால் நோயாளி பெயரோ விலாசமோ கண்ணில் படாது. பலகையை நிறுத்தலாம், எழுப்பலாம், அவ்வளவுதான். சாவியில் பாதி அவள் மனதில் இருக்கும் ஓர் எண். மறுபாதி, சம்பந்தா சம்பந்தமில்லாத மூன்று சொற்கள். போன் தொலைந்தால் உதவட்டும் என்று, போன வருடம், இப்படி ஆறு மறுபாதிகளைச் சின்னவனிடம் கொடுத்து வைத்திருந்தாள். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. இருவரும் சேர்ந்தால்தான் முடியும்.

பெயரைத் தூக்கிய அன்று, கோபத்தில், இந்த ஆறையும் ரத்து செய்ய மறந்து போயிருந்தாள். ஆனால் அவன் அவற்றை வைத்திருக்க வேண்டுமே? இரண்டு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அக்காவின் சாவியை எவன் பத்திரமாக வைத்திருப்பான்?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சர்வரின் முகவரியை அடிக்கத் தொடங்கினாள். இரண்டாவது எழுத்திலேயே கை நின்றுவிட்டது.

மிச்ச முகவரியைக் கம்ப்யூட்டரே எழுதி முடித்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாழ்நாளில் முதல்முறையாக வந்திருக்கும் ஊர். முதல்முறையாகத் தொடும் கம்ப்யூட்டர். அதற்குத் தன் சர்வரை முன்னமே தெரிந்திருக்கிறது! வாசல் பக்கம் திறந்தது. பெயர் கேட்கும் கட்டத்தில் சுட்டியை வைத்ததும், கீழே ஒரு பெயர் தொங்கியது: சின்னவன்.

ஓ! இந்தக் கம்ப்யூட்டர்தானா அது? இங்கேதான் வந்தானா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அவனுக்கு முன்னமே தெரியும். மாடி வரைக்கும் தெரிந்திருக்கிறதே! இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்துவிட்டு, வந்த இடத்தில் ஊர்க் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டையும் கொட்டிவிட்டு... நாக்கு நுனி வரை வந்ததை அவள் கடித்து விழுங்கினாள். முதலில் டீச்சரின் மூச்சு. சண்டை பிறகு.

"டேய், அந்த ஆறு சாவி. இருக்கா, கிழிச்சுப் போட்டுட்டியா?"

"கிழிக்கறதுக்கு எங்கே எழுதினேன்? எழுதி வைக்காதேன்னு நீதானே உயிரை வாங்கினே. லாரிக்கு ஒண்ணா மனசுல மாட்டி வெச்சிருக்கேன். தினம் காலையில சாவி கொடுக்கும்போது ஒவ்வொண்ணா சொல்லிக்குவேன். டிரைவருங்க எனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சுன்னு பேசிக்கறானுங்க."

"இன்னைக்குமா சொன்னே?"

"தினம்னா தினம்தான்."

அவள் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"முதல் லாரி. குடை, செங்கல், மூக்கு" என்றான்.

சின்ன வாசலுக்குப் போய்த் தன் எண்ணை அடித்தாள். குடை, செங்கல். அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் ஒலிபெருக்கி கரகரவென்று யாரையோ இரண்டாவது மாடிக்கு அழைத்தது. அவளை இல்லை. ஆனால் விரல் தடுமாறிவிட்டது. 'தவறு' என்று சிவப்பில் வந்தது. முதல் சாவி அதோடு செத்தது. இன்னும் இரண்டு தவறு செய்தால் வாசல் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் மாலை வரை திறக்காது. அப்படிக் கட்டியவளும் அவள்தான், யாரை நோவது?

"போச்சுடா. தப்பா அடிச்சுட்டேன்."

"அவசரப்படாதே, அக்கா. மூச்சை இழுத்து விடு. லாரியை ரிவர்ஸ் எடுக்கற மாதிரி நினைச்சுக்கோ. நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லிட்டு அடி. சத்தமாச் சொல்லு, பரவாயில்லை, அடிச்சதும் சாகப்போறதுதானே. ரெண்டாவது லாரி. நண்டு."

"நண்டு."

"ஜன்னல்."

"ஜன்னல்."

"பஞ்சு."

"பஞ்சு."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். சின்ன வாசல் திறந்தது. பலகை படுத்துக் கிடப்பது ஒற்றை வரியில் தெரிந்தது. எழுப்பு என்று கட்டளை கொடுத்தாள். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. கட்டை விரலைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள்.

முதலில் ஷெட்டின் கூச்சல்தான் போன் வழியே கேட்டது. "வந்துடுச்சு! திரை வந்துடுச்சு!" சின்னவன் இன்னொரு போனில் ஒரு டிரைவரை விரட்டினான். "நெட்டையா, உன் போன்ல விலாசம் விழுந்துதா? டீச்சர் வீடுதானே? என்னது, பக்கத்துத் தெருவிலேயா நிக்கறே? ஓடுய்யா! லாரி கிடக்கட்டும், சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு ஓடு!" பிறகு மூச்சு வாங்க, "அக்கா, லைன்ல இரு" என்றான்.

இருந்தாள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் சின்னவன், "பச்சை" என்றான். மறுபடியும், "பச்சை ஆயிடுச்சு, அக்கா. மாட்டிட்டான். பேசறாங்களாம்" என்றான். அவன் அழுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

வாசலை மூடிவிட்டு எழுந்தாள். போனைத் திருப்பிக் கொடுக்க வந்தவளை மேசைக்கார அம்மா உற்றுப் பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதே. நீதான் அந்த எலிக்காதக்காவாம்மா?"

பெரியவளுக்கு ஒரு கணம் காது அடைத்துப் போயிற்று. எலிக்காது! வீட்டில் எந்த மூலையில் எது கிசுகிசுத்தாலும் அவள் காதுக்கு எட்டிவிடும் என்பதற்காக, சின்ன வயதில் தம்பி வைத்த பெயர். வீட்டுக்கு வெளியே ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படி...?"

"ஒரு பெரியவர் வருவாரும்மா. நேத்து இங்கே மயங்கி விழுந்தாரே, உங்கப்பாதானா? ஆறு மாசமா வர்றாரு. டெஸ்ட் முடிஞ்சதும் நேரா அந்த நாற்காலிக்குத்தான் போவாரு. எழுத்து கண்ணுக்குத் தெரியலைன்னு என்னைக் கூப்பிடுவாரு. நான் அடிப்பேன். பேரு சின்னவன். பாஸ்வேர்டு என்னங்கய்யான்னா, லாரி ஷெட்டுல கத்தற மாதிரி இந்தக் கூடமே அதிரச் சொல்லுவாரு, 'எலிக்காதக்கா ஒண்ணு ரெண்டு மூணு'ன்னு! நோயாளிங்க எல்லாம் சிரிப்பாங்க. ஐயா, மெதுவாச் சொல்லுங்கன்னா, என் பொண்ணு பேரை நான் எதுக்கும்மா மெதுவாச் சொல்லணும்பாரு."

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே போய் என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ண மாட்டாரு. சிவப்பும் பச்சையுமா ஏதோ வரும். எல்லாம் பச்சை ஆகற வரைக்கும் பார்த்துட்டிருப்பாரு. ஆனதும் எழுந்து போயிடுவாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசமா அது திறக்கறதில்லை. எலிக்காதக்கான்னு அடிச்சா, தப்புன்னு வருது. நேத்தும் வந்தது. இன்னொரு தடவை அடிம்மான்னாரு. மறுபடியும் தப்பு. சரி, பசங்க மாத்திட்டாங்க போலேன்னு சொல்லிட்டு எழுந்தாரு. அப்பதாம்மா விழுந்தாரு."

சின்னவனுக்குப் பூட்டியதாக நினைத்த கதவை அவள் அப்பாவின் முகத்தில் அறைந்து சாத்தியிருந்தாள். அந்த ரகசியத்தை ஆறு மாதம் இந்தக் கூடத்துக்கே கூவிச் சொன்னவர் அப்பா. அடித்தேன் என்று பழியை ஏற்றுக்கொண்டு வாயை மூடிக்கொண்டவன் தம்பி.

மறுபடி போனை வாங்கினாள்.

"அப்பாதானாடா?"

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உனக்கு நெஞ்சு விஷயம் தெரிஞ்சா ஷெட் பக்கமே விடமாட்டியாம். ஒவ்வொரு வீடும் பச்சை ஆகறதைப் பார்த்தாத்தான் எனக்கு மூச்சு வருதுடான்னாரு. நான்தான் என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். தப்பு என்னோடதும்தான்."

"எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடன் மாதிரி நிக்க வெச்சேனேடா."

"வெச்சே." அவன் மறுக்கவில்லை. "வலிச்சுது."

"மன்னிச்சுடு. நான் உன்னைக் கேட்டிருக்கணும். கம்ப்யூட்டர் சொன்னதை நம்பினேன், உன்னைக் கேக்கலை." கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றவில்லை. "இரு, இப்பவே உன் பேரைத் திரும்பச் சேர்த்துடறேன். என்னோட பெரிய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கு. பெரிய வாசல் வழியாவே போயிடறேன்."

"அக்கா! அங்கேருந்தா? பைத்தியமா உனக்கு?" நிஜமாகவே அதட்டினான். "நம்ப முடியாத இடத்துல உட்கார்ந்து அதையெல்லாம் தொடக்கூடாது. நீதானே சொன்னே? அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வா. உன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து சேர்த்துக்கோ. ரெண்டு மாசம் வெளியே நின்னவனுக்கு இன்னும் ரெண்டு நாள் பெரிசில்லை." பிறகு குரல் தணிந்தது. "நாலு சாவி இன்னும் என்கிட்ட இருக்கு. வேணும்னா கூப்பிடு."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனைக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

மாடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கதவு பாதி திறந்திருந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டர் வெளியே நின்றிருந்தார்.

"உள்ளே நாங்க எதிர்பார்க்காத ஒரு சிக்கல். ரெண்டு வழி இருக்கு. ரெண்டிலயும் ஆபத்து இருக்கு. உங்களுக்கு நேரம் அதிகம் தர முடியாது" என்றவர், அவளைச் சுற்றிக் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். "தனியாவா இருக்கீங்க? வேற யாரும் இல்லையா?"

"இருக்கான், டாக்டர். என் தம்பி இருக்கான்."

நர்ஸின் மேசையிலிருந்த போனைக் கேட்காமலே எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான்.